நான்காமவன்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்கு வரும் சாலை, தேயிலை மலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து, அப்பால் பிபிலையை நோக்கி இறங்கிச் செல்கிறது. அச்சாலையோரத்து லயங்களில் வாழும் மக்களின் பிள்ளைகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். மருந்தைப் பற்றி எழுத இவருக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் வினவக்கூடும். ஓர் இருமலை ஏழு மாதம் அருகிருந்து கேட்டவன் என்பதே என் தகுதி.

அந்த இருமல் என் பெரியம்மாவினுடையது. இளமையில் கொழுந்து பறித்தவர். பின்னர் ‘ஸ்டோர்’ எனத் தோட்டத்து மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே தூள் சலிக்கும் இடத்தில் நின்று உழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு உயர் இரத்த அழுத்தம் கண்டது. மாதந்தோறும் கிளினிக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு அரச வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்று மாத்திரை வாங்கி வருவார். சில வாரங்களில் வறட்டு இருமல் தொடங்கிற்று. சளியில்லை, காய்ச்சலில்லை. இரவில் தொண்டையில் ஏதோ ஊர்வதுபோல் தொடங்கி விடியும்வரை நீளும். கொத்தமல்லி அவித்தோம், இஞ்சி தட்டினோம், பாணி மருந்தும் போத்தல் போத்தலாகத் தீர்ந்தது.

“எல்லாம் ஸ்டோர்த் தூசு, தம்பி. அத்தனை வருசம் தின்னது சும்மா போகுமா?” என்று பெரியம்மா சிரிப்பார். நானும் அதையே நம்பினேன்.

ஒருநாள் மருந்து வழங்கும் சாளரத்தில் புதிதாக வந்திருந்த மருந்தாளர், என் பழைய மாணவர், பெரியம்மா இருமுவதைக் கண்டு கொப்பியைப் புரட்டினார்.

“அம்மா, இந்த இருமல் எப்ப தொடங்கினது? இந்த மாத்திரை குடிக்கிறதுக்கு முந்தியா, பொறகா?”

“தீவாளி முடிஞ்சு ரெண்டு கெழமையில, ஐயா. மாத்திரை அதுக்கு மொத மாசந்தான் குடுத்தாங்க.”

அவர் எழுந்து வைத்தியரிடம் சென்றார். எனலாப்ரில் என்னும் அம்மாத்திரை நிறுத்தப்பட்டு, லோசார்டன் கொடுக்கப்பட்டது. மூன்று வாரத்தில் இருமல் அடங்கிற்று. எனலாப்ரில் இனத்து மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஒரு பொருள் உண்டாகாமல் தடுக்கின்றன. அவ்வேளையில் பிராடிகைனின் என்னும் மற்றொரு பொருள் உடலில் தேங்கி, சிலருக்கு மூச்சுப்பாதையை உறுத்துகிறது. இது மருத்துவ நூல்கள் நன்கறிந்த செய்தி. ஆயினும் ஏழு மாதம் எங்கள் வீட்டில் அதனை அறிந்தார் எவருமில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதனை எழுதியிரேன். பெரியம்மா லயத்தில் இச்செய்தியைச் சொன்னபோது, அடுத்த காம்பராவில் இருந்த பெண்மணியின் மகள் அழத் தொடங்கிவிட்டாள். அவள் தாய்க்கும் அதே மாத்திரை, அதே இருமல். அந்த அம்மாள் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டார். இருமல் நின்றது, இரத்த அழுத்தம் நிற்கவில்லை. சில மாதங்களுக்குப் பின் பாரிசவாதம் கண்டு ஒரு கையும் ஒரு காலும் விழுந்தன. மாத்திரையை நிறுத்தியதால்தான் அது வந்தது என்று அறுதியிட்டுக் கூற நான் வைத்தியனல்லன். ஆனால் அந்த இருமலைப் பற்றி ஒருவர் முன்னரே கேட்டிருந்தால், வேறு மாத்திரை கிடைத்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

வள்ளுவர் மருந்துக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புக்கள் நான்கென்றார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றையும் நாம் எளிதில் நினைவுகூர்வோம். நான்காமவனை மறந்துவிடுகிறோம். அவன் மருந்தைப் பிழையின்றி இயற்றுபவன் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். இக்கால வைத்தியசாலையிலே அந்த இடத்தில் தாதியும் மருந்தாளரும் நிற்கின்றனர்.

இந்த நான்காமவனை உலகமும் நெடுங்காலம் மறந்தே இருந்தது. 1957 ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் உறக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்களின் குமட்டலுக்கும் அதனைக் கொடுத்தனர். 1961 ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மக்பிரைட் ஆகிய இரு வைத்தியர்கள் எச்சரிக்கை எழுப்புவதற்குள், பல நாடுகளில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாட்டுடன் பிறந்துவிட்டனர். அதன் பின்னரே, மருந்தின் தீங்குகளைத் திரட்ட ஓர் ஒழுங்கு வேண்டுமென உலகம் உணர்ந்தது. 1964 இல் பிரித்தானியா ‘மஞ்சள் அட்டை’ முறையைத் தொடங்கிற்று. 1968 இல் உலக சுகாதார நிறுவனம் சர்வதேசத் திட்டம் ஒன்றை வகுத்தது. 1978 முதல் சுவீடனின் உப்சாலா நகரத்து நிலையம் அதனை நடத்துகிறது. இலங்கை 2000 ஆம் ஆண்டு அதில் இணைந்தது. பிரித்தானிய மஞ்சள் அட்டையை எழுதும் உரிமை வைத்தியசாலை மருந்தாளருக்குக் கிடைத்ததோ 1997 இல்தான். முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர்கள் கண்டதை எழுத இடமில்லாதிருந்தது!

உரிமை கிடைத்தபின் எல்லாரும் எழுதிவிடுகிறார்களா? 12 நாடுகளின் 37 ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, மருந்துத் தீங்குகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 94 அறிவிக்கப்படாமலே போகின்றன என்று மதிப்பிட்டது.

பெரியம்மாவின் இருமலை அறிவித்தீரா என்று என் மாணவரைக் கேட்டேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

“எழுதல்ல, மாஸ்டர். தெரிஞ்ச விசயந்தானேன்னு விட்டுட்டேன். வெளியில அவ்வளவு சனம் நிக்குது. எழுதினா வைத்தியர்மேல குறை சொல்ற மாதிரி ஆயிருமோன்னும் ஒரு பயம்.”

அவரைக் குறை கூற என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அந்த அச்சத்துக்கு அடிப்படையில்லை. அறிக்கை என்பது குற்றப்பத்திரிகையன்று. நோயாளி யார், ஐயத்துக்குரிய மருந்து எது, நேர்ந்தது என்ன, அறிவிப்பவர் யார் என்னும் நான்கும் இருந்தாற் போதும். ஐயமே போதுமானது, நிரூபணம் வேண்டியதில்லை. மருந்து தொடங்கியபின் தீங்கு தோன்றிற்றா, நிறுத்தியபின் தணிந்ததா என்பன போன்ற பத்து வினாக்களைக் கொண்ட நரஞ்சோ அளவுகோல் 1981 முதல் வழக்கில் இருக்கிறது. அவற்றுள் முதல் வினாவை என் மாணவர் சாளரத்தருகே நின்று கேட்டுவிட்டாரன்றோ?

2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரை அறுவைச் சிகிச்சை பெற்ற சிலர், பின்னர் இட்ட பிரெட்னிசொலோன் கண்துளி மருந்தையடுத்துப் பார்வை பாதிக்கப்பட்ட செய்தியை நாடறியும். இத்தகைய வேளைகளில் எந்த நிறுவனத்து மருந்து, எந்தத் தொகுதி இலக்கம், எந்த நாளில் எவருக்குச் சென்றது என்பதைச் சொல்லக்கூடியவர் மருந்துக் களஞ்சியத்தில் இருப்பவரே. அவர் எழுதும் ஒரு தாள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு விரைந்து சென்றால், அடுத்த ஊரில் ஒருவரின் கண் தப்பக்கூடும்.

பிபிலை என்னும் ஊரின் பெயரையே தம் பெயரிலும் கொண்ட பேராசிரியர் சேனக பிபிலே, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரானார். 1977 இல் கயானா நாட்டில் மறைந்த அப்பெரியார், ஏழைக்கும் தரமான மருந்து மலிவாகக் கிடைக்க வழிகண்டார். அவர் திறந்த பாதையில் எஞ்சியிருப்பது, கொடுத்த மருந்து என்ன செய்தது என்று அதே ஏழையைக் கேட்பது. தோட்டத்துத் தாய் ஒருத்தி தன் உடம்பின் வேதனையைத் தன் மொழியிலேயே சொல்ல முடிவதும், அதனைக் கேட்பவர் விளங்கிக்கொள்வதும் அக்கேள்வியின் பாதி.

என் மாணவர் பின்னர் அந்த இரு பெண்களின் செய்தியையும் எழுதி அனுப்பினார். நான் செய்யக்கூடியதை நானும் செய்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவின் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், புதிய மாத்திரை தொடங்கிய நாளையும், அதன்பின் உடம்பில் புதிதாக ஏதும் கண்டால் அந்த நாளையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், அந்தப் பக்கத்தைச் சாளரத்தில் காட்டச் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு சிறுமி அப்படி எழுதிய பக்கத்தை என்னிடம் காட்டினாள். எழுத்துப் பிழைகள் இரண்டு இருந்தன. தேதிகள் சரியாக இருந்தன.