தேன் தராத பூவும் ஏமாறும் ஈயும்

மரக்கிளையில் செடி ஒன்று வளர்வதைக் கண்டால் மாணவர்கள் உடனே ‘ஒட்டுண்ணி’ என்பார்கள். மகரந்தச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று கேட்டால், ‘பூ தேன் தரும், பூச்சி மகரந்தத்தைச் சுமக்கும்’ என்பார்கள். இவ்விரு எண்ணங்களையும் சீர்செய்ய உதவும் சிறு செடி ஒன்று கோஸ்டாரிகாவின் ஈரமான மலைக்காடுகளில் வளர்கிறது. அதன் பெயர் லெபாந்தஸ் கிளிசென்ஸ்டீனி.

லெபாந்தஸ் ஓர் ஆர்கிட் பேரினம். மெக்சிகோ முதல் பொலிவியா வரையிலும் கரீபியன் தீவுகளிலும் இதில் 1000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. மெல்லிய தண்டின் நுனியில் ஒரே ஓர் இலை. பூவின் அளவோ சில மில்லிமீட்டர்தான்.

இது தொற்றுத் தாவரம். மரம் இதற்கு இருப்பிடம் மட்டுமே. மரத்தின் திசுக்களில் இது வேரைச் செலுத்தி உணவை உறிஞ்சுவதில்லை. தன் உணவைத் தானே தயாரிக்கிறது. நம் பாடநூல் கூறும் வாண்டாவைப் போலவே, வேரைச் சுற்றியுள்ள வெலாமன் திசு மழைநீரையும் பனிநீரையும் ஈர்த்துக்கொள்கிறது.

இதன் பூவில் தேன் இல்லை. ஆனாலும் கொசுவைப் போன்ற சிறிய பூஞ்சை ஈக்களில், ஆண் ஈக்கள் தேடி வருகின்றன. பூவைப் பெண் ஈ எனக் கருதி, அதன் உதட்டிதழில் உள்ள சிறு நீட்சியை வயிற்று நுனியால் பற்றி இணைய முயல்கின்றன. அப்போது மகரந்தத் தொகுதி வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. மீண்டும் வேறொரு பூவில் ஏமாறும்போது மகரந்தச் சேர்க்கை நிகழ்கிறது. பிளாங்கோ, பார்போசா என்னும் ஆய்வாளர்கள் இதனை 2005-இல் வெளியிட்டனர். இதற்குப் ‘போலிக்கலவி’ என்று பெயர்.

இங்கே பூவுக்கு மட்டுமே பயன். ஈக்கு எதுவும் கிடைப்பதில்லை. எனவே மகரந்தச் சேர்க்கை அனைத்தும் பண்டமாற்று அன்று.

பாதுகாப்புக்கும் இதில் பாடம் உண்டு. இத்தகைய ஈக்களின் புழுக்கள் ஈரமண்ணிலும் மட்கும் இலைகளிலும் வளர்கின்றன. தூசி போன்ற ஆர்கிட் விதைகளில் சேமித்த உணவு இல்லாததால், அவை முளைக்கப் பூஞ்சையின் துணை வேண்டும். ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்து, அடியில் உள்ள இலைமட்கை அகற்றிக் காட்டை உலரவிட்டால், செடி பூத்தாலும் காய்க்காமல் போகலாம்.

வகுப்பில் கரும்பலகையில் மரம், ஈ, பூஞ்சை, ஆர்கிட் என நான்கு பெயர்களை எழுதுங்கள். யார் யாரிடமிருந்து எதைப் பெறுகிறார் என்று மாணவர்களையே அம்புக்குறி இடச் சொல்லுங்கள். எந்த அம்பு ஒருபக்கமாக மட்டும் செல்கிறது, எந்தப் பெயரை அழித்தால் ஆர்கிட் அழியும் என்று கேளுங்கள். ஒட்டுண்ணிக்கும் தொற்றுத் தாவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே கூறிவிடுவார்கள்.