பிடித்த வழியில் பலம் சேர்ப்போம்

"நாள் முழுக்க மலையில நிக்கிறவளுக்கு எதுக்குங்க எக்ஸசைஸ்?" பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. காலையில் பெரட்டுக்குப் போய், சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, விறகு உடைத்துச் சமைக்கிற ஒரு பெண்ணிடம் "உடம்பை அசையுங்கள்" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவரும் இரத்தினக்கல் குழியில் கயிறு பிடித்து இல்ல மண் இழுக்கிறவரும் இதையேதான் கேட்பார்கள்.

ஆனால் அதே தோட்டங்களின் லயங்களில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களைப் பாருங்கள். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழும்ப முடியாத பெரியம்மாக்கள் எத்தனை பேர்? பஸ்ஸின் முதல் படியில் கால் வைக்க கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் எத்தனை பேர்? வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள் இவர்கள். உழைப்பு மட்டுமே பலம் தருமென்றால் நாட்டிலேயே பலமான முதியவர்கள் நம் தோட்டங்களில்தான் இருந்திருக்க வேண்டும்.

வேலை செய்த உடம்புக்குமா பயிற்சி?

தசை பலப்பட மூன்று வேண்டும்: பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரம், அதற்குப் பிறகு ஓய்வு, தசையைக் கட்ட உணவு. கொழுந்து எடுக்கும் வேலையில் விரல்களும் தோளும் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றன. கைக்கு வரும் பாரம் சிறியது, முதுகு குனிந்தே இருக்கிறது, மறுநாளும் அதே வேலைதான். இதனால் உடம்புக்குத் தாங்கும் சக்தி வரும். தொடைக்கும் இடுப்புக்கும் மேல்முதுகுக்கும் பலம் ஏறாது, தேய்மானம்தான் மிஞ்சும். பால் வாளியை எப்போதும் ஒரே கையில் தூக்கி நடக்கிறவரின் முதுகும் ஒரு பக்கமாகவே இழுபடுகிறது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் அன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இந்த முரண்பாட்டைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 1,93,696 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு, இலகு வேலை செய்பவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் ஆபத்து 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. பெண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சியோ ஆண், பெண் இருவருக்கும் நன்மை தருகிறது. வேலையில் வேகத்தையும் நேரத்தையும் பாரத்தையும் வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். பயிற்சியில் அதைத் தீர்மானிப்பது நாம். களைத்தால் நிறுத்தலாம், நாளைக்கு ஓய்வெடுக்கலாம். தோட்ட மக்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியமானது.

பன்னிரண்டு செக்கன் சோதனை

முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறையும். சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான் என்பதால், தசை குறைந்தால் சீனி வருத்தமும் கிட்ட வருகிறது. விழுந்தால் எலும்பு முறிவதும் அப்படித்தான், தடுமாறும்போது உடம்பைப் பிடித்து நிறுத்தத் தொடையில் பலம் இல்லாமல் போகிறது.

உங்கள் நிலையை வீட்டிலேயே பார்க்கலாம். சாதாரண உயரமுள்ள ஒரு கதிரையைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி உட்காருங்கள். பேரப்பிள்ளை போனில் நேரம் பார்க்கட்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைகிறது என்று ஆசிய மருத்துவ நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவுகோல் சொல்கிறது.

வயது போய்விட்டதே என்று யாரும் நினைக்க வேண்டாம். 1990இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லமொன்றில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைப் பயிற்சி கொடுத்தார். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணமும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த கிட்டம்மாள் பேரனோடு ஜிம்முக்குப் போய்ப் பழகி, 2024இல் தன் 82ஆவது வயதில் பாரம் தூக்கும் போட்டியொன்றில் 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டினார்.

எது பிடிக்குமோ அதில் ஆரம்பியுங்கள்

வாரத்தில் குறைந்தது இரண்டு நாள், உடம்பின் முக்கியமான எல்லாத் தசைகளுக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. இரண்டு நாள் என்பது பெரிய விஷயமில்லை. மூன்றாவது வாரத்தில் நின்றுபோகாமல் இருப்பதுதான் கஷ்டம். பிடிக்காத ஒன்றை வைராக்கியத்தால் நெடுநாள் செய்கிறவர்கள் மிகக் குறைவு என்பதால், எது அதிகப் பலன் தரும் என்று தேடுவதற்கு முன், எதைச் செய்தால் உங்கள் முகத்தில் சிரிப்பு வருகிறது என்று தேடச் சொல்கிறேன்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறு இழுத்தலுக்கு வருவோம். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு இது. கயிறு இழுக்கிறவரை உற்றுப் பார்த்தால் வேலை செய்வது கை மட்டுமில்லை என்று தெரியும். குதிகால் மண்ணில் புதைகிறது, முழங்கால் மடிகிறது, இடுப்பு தாழ்கிறது, கை நீட்டியபடியே இருக்க, தொடையும் முதுகும் சேர்ந்து உடம்பைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. ஜிம்மில் நாலு மெஷினில் செய்வதை ஒரு கயிறு செய்துவிடுகிறது. அதுவும் பத்துப் பேர் கூச்சலோடு! இதை வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் செய்வது பெரிய வீண். அந்த ஒரு நாளில் பழக்கமில்லாமல் இழுத்துத்தான் பலருக்கு இடுப்புப் பிடிக்கிறது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுங்கள்.

தப்பு அடித்து ஆடுகிறவர்களின் கால்களைப் பாருங்கள். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது முழங்காலை மடித்துத் தாழ்ந்து, தோளில் தப்போடு எழும்பி, திரும்பவும் தாழ்ந்து ஆடுகிறார்கள். மணிக்கணக்கில் பஸ்கி எடுப்பது போலத்தான் அது. ஆட்டம் பிடித்தவர்கள் தனியாகப் பஸ்கி எடுக்கத் தேவையில்லை. வாரம் இரண்டு சாயந்தரம் தப்பை எடுத்தால் போதும். பெண்களுக்குக் கும்மி இருக்கிறது. குனிந்து நிமிரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தால் தொடைக்கு நல்ல வேலை கிடைக்கும்.

கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. தோட்டத்து மைதானத்தில் சாயந்தரம் பையன்கள் வலை கட்டி ஆடாத ஊர் இல்லை. துள்ளிக் குதிப்பதால் தொடையோடு எலும்பும் உறுதியாகிறது. ஓரத்தில் நின்று பார்க்கும் அக்காமாரையும் உள்ளே விடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

சிவனொளிபாதமலையை நோக்கி

எனக்கு மிகப் பிடித்த வழி இது. நம் ஊருக்கும் மலைக்கும் தனி உறவு இருக்கிறது. பருவகாலம் இல்லாத மாதங்களில் சமன் தெய்வத்தின் திருவுருவம் தங்கியிருப்பது பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையில்தான். டிசம்பர் போயாவோடு ஊர்வலமாக மலைக்குப் போய், வெசாக்கோடு திரும்பி வருகிறது. சிவன் பாதம் என்று நம் ஆட்களும் கூட்டமாக ஏறுகிறார்கள். 2,243 மீட்டர் உயரம். நல்லதண்ணி வழியாகப் போனால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். பலாபத்தல, எரத்ன வழிகள் அதைவிட நீளம்.

பலர் எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஏறிவிட்டு, நாலு நாள் கக்கூஸில் உட்கார முடியாமல் தவிப்பார்கள். அந்த வலிக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றமில்லை, இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழகாத தசையில் நுண்ணிய காயங்கள் உண்டாகி, அடுத்த ஓரிரு நாளில் வலி உச்சத்துக்குப் போகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரு தடவை பழகிய தசை அடுத்த தடவை அவ்வளவு வலிக்காது.

ஆகவே மலைக்கு மூன்று மாதம் முன்பே இறங்கப் பழகுங்கள். இஸ்தோப்புப் படி போதும். வலது காலால் ஏறி, இடது காலை மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்துக்கு, கீழே இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் எட்டுப் பத்துத் தடவை. இலகுவானதும் பள்ளிக்கூடப் பையில் இரண்டு போத்தல் தண்ணீர் போட்டு முதுகில் மாட்டுங்கள். வீட்டில் நாலு பேர் சேர்ந்து மலைக்குத் திகதி குறித்துவிட்டால், யாராவது ஒருவர் மற்றவரை எழுப்பி இழுத்து வந்துவிடுவார்.

மழை நாளில் இஸ்தோப்பிலேயே

இரத்தினபுரி மாவட்டத்து மழை யாருக்கும் தெரியாததில்லை. மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தால் பயிற்சி நடக்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவும் இஸ்தோப்பும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிள் கடையில் தூக்கிப்போடும் பழைய டியூப் ஒன்று கேட்டு வாங்குங்கள். வால்வு உள்ள துண்டை வெட்டிவிட்டுக் கழுவிக் காய வைத்தால், கொழும்பில் காசு கொடுத்து வாங்கும் ரப்பர் பட்டிக்கு இது சளைத்ததில்லை. கடையில் விற்கும் பட்டிகளிலும் பல, நம் சப்ரகமுவ மலைகளில் வெட்டுவது போன்ற ரப்பர் பாலில் செய்தவைதான். டியூப்பை இஸ்தோப்புத் தூணில் நெஞ்சு உயரத்துக்குச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து, முழங்கை இரண்டும் விலாவை உரசிப் பின்னுக்குப் போகும்வரை இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் முதுகில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். நாளெல்லாம் குனிந்து கொழுந்து எடுக்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. குனிந்த முதுகுக்கு நேர் எதிரான அசைவு இது. வெடிப்பு விழுந்த டியூப் வேண்டாம், அறுந்தால் முகத்தில் அடிக்கும்.

ஐந்து லீட்டர் கேன் இன்னொரு உபகரணம். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கேனை இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி முழங்காலை மடித்து, முதுகை வளைக்காமல், உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. இது பழகிவிட்டால் அரிசி மூட்டையும் 12.5 கிலோ காஸ் சிலிண்டரும் இடுப்பைப் பிடிக்காது. (12.5 கிலோ என்பது காஸின் நிறை மட்டும், இரும்போடு சேர்ந்தால் அதைவிட எவ்வளவோ கூடுதல்.)

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் இலகுவாக வந்துவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். மலை வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வார நடுவில் ஒரு சாயந்தரமும், தடவைக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் செய்வது களைத்த உடம்பைத்தான் இன்னும் களைக்க வைக்கும்.

ஒரு சின்ன உபாயம். அமெரிக்கப் பேராசிரியை கேட்டி மில்க்மன் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விறுவிறுப்பான கதைப் பதிவுகளை ஜிம்மில் மட்டும்தான் கேட்கலாம் என்று கட்டுப்படுத்தியபோது, அவர்கள் ஆரம்ப வாரங்களில் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தடவை ஜிம்முக்கு வந்தார்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டையோ நாடகத்தையோ டியூப் இழுக்கும்போது மட்டும் கேட்பது என்று வைத்துப் பாருங்கள்.

ரொட்டியும் சம்பலும் போதாது

பயிற்சி செய்தும் புரதம் கிடைக்காவிட்டால் தசை கட்டப்படாது. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வயிற்றை நிரப்பும், அதில் புரதம் குறைவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கைப்பிடி பருப்பில் அதைவிடக் கூடுதல். நெத்தலி, கடலை, சோயா மீட், பயறு எல்லாமே நல்லது. டின்னில் விற்கும் பவுடர் அவசியமில்லை. உடம்பு சீக்கிரம் ஏற ஊசி போடச் சொல்லும் நண்பர்களைத் தம்பிமார் கிட்டச் சேர்க்கவே வேண்டாம், இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும் மருந்துகள் அவை.

தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. இரத்தம் குறைந்தால் நாலு படி ஏறவே மூச்சு வாங்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத் தேத்தண்ணி உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். கீரையோடு தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

யார் முதலில் டொக்டரைப் பார்க்க வேண்டும்?

பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள், குடலிறக்கம் அல்லது கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், அண்மையில் பிரசவமானவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். சீனிக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது, இனிப்பு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தசை உளைவது சாதாரணம். மூட்டுக்குள் குத்துவது, கை கால் விறைப்பது, நெஞ்சு வலிப்பது சாதாரணமில்லை. நெஞ்சு வலித்தால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

கோயில் கமிட்டிகளிடமும் இளைஞர் மன்றங்களிடமும் ஒன்று கேட்கிறேன். புத்தாண்டு முடிந்ததும் இழுக்கிற கயிற்றைச் சுருட்டி அறையில் போட்டுப் பூட்டிவிடாதீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள், அதில் ஒரு ஞாயிறு பெண்களுக்கென்றே இருக்கட்டும். மலைக்குப் போகிற அக்காமாரும் அம்மாயிமாரும் வந்து இழுக்கட்டும். செலவே இல்லாத இந்த ஏற்பாட்டை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.