துருவ ஒளியின் வானொலி

ஜவ்வாது மலையில், சந்தன மரங்கள் வளரும் காடுகளிடையே, காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. வைணு பாப்பு என்னும் வானியல் அறிஞரின் முயற்சியால் 1968ஆம் ஆண்டில் அங்கு வான் ஆய்வு தொடங்கியது. வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடு 1972ஆம் ஆண்டில் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்காட்சியை அங்கிருந்து நோக்கினர். அத்துணைக்கோளுக்கு மெல்லிய வளிப்போர்வை உண்டு என்பதற்குச் சான்றும் கண்டனர். இத்தகைய ஆய்வுக்கு முகிலே பெரும்பகை. மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டால் எத்துணைப் பெரிய தொலைநோக்கியும் வாளா நிற்கும்.

துருவ ஒளியை ஆராய்வோர்க்கும் இதே இடர் உண்டு. துருவங்களை அடுத்த நாடுகளில், இரவு வானில் பச்சையும் செம்மையுமாய்த் திரை அசைவதுபோல் தோன்றுவது அவ்வொளி. ஜவ்வாது மலை நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருத்தலின் ஆண்டு அது தெரிவதில்லை. ஆனால், காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்திற்கு இலடாக்கின் ஆன்லே என்னுமிடத்திலும் ஆய்வகம் உண்டு. 2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இரவில் ஆன்லேயின் படக்கருவிகளில் செவ்வொளி பதிந்தது. புவியின் காந்த மண்டலம் அன்று கடுமையாகக் குலைந்ததே அதற்குக் காரணம்.

ஞாயிற்றிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஓயாது வீசுகின்றன. புவியின் காந்தப்புலம் அவற்றை விலக்கி நம்மைக் காக்கிறது. அப்புலம் ஆட்சி செய்யும் வெளியே காந்த மண்டலம். இரவுப் பக்கத்தில் அது வால்போல் நீண்டிருக்கும். அவ்வாலில் சேரும் ஆற்றல் அளவு மிஞ்சியதும் திடீரென விடுபட, எலெக்ட்ரான்கள் துருவப் பகுதிகளை நோக்கிப் பாய்ந்து காற்றணுக்களை மோதி ஒளிரச் செய்கின்றன. காட்சி அழகியதே, விளைவோ எப்போதும் அழகியதன்று. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆம் நாள் எழுந்த காந்தப் புயலால் கனடாவின் கியூபெக்கு மாநிலத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் பல மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

குலைவு தொடங்கும் நேரத்தை அறியத் துருவ ஒளியையே நம்பியிருப்பின், பகலிலும் முகில் மூடிய இரவிலும் நிலத்திலிருப்போர் என் செய்வர்? இங்கே உதவுவது அவ்வொளியுடன் பிறக்கும் வானொலி அலை. கீழ்நோக்கிப் பாயும் எலெக்ட்ரான்கள், பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று அவ்வலைகளை எழுப்புகின்றன. அவற்றின் அதிர்வெண் பெரும்பாலும் 50 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரை. நாம் கேட்கும் மத்திய அலை வானொலிக்குச் சற்றே கீழ்ப்பட்டது. ஆற்றலோ சில வேளைகளில் 100 கோடி வாட் அளவை எட்டும். 1000 கிலோவாட் வலிமையுள்ள ஆயிரம் வானொலி நிலையங்கள் ஒருங்கே முழங்குவதை ஒக்கும் அது!

இத்துணை முழக்கமும் நம் செவிக்கு எட்டாதது வியப்பே. இடையில் உள்ள அயனி மண்டலம் அவ்வலைகளை மேலேயே திருப்பிவிடுகிறது. வியாழனின் காந்தப்புலம் மிக வலியது. அதன் துருவ ஒளி சார்ந்த அலைகள் 40 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டுவதால் நம் கூரையைத் துளைத்து வருகின்றன. ஆகவே, தொலைவிலுள்ள வியாழனின் அலைகளை 1955ஆம் ஆண்டிலேயே நிலத்திலிருந்து கேட்டுவிட்டோம். நம் புவியின் அலைகளை அறிய, 1964ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டின் எலெக்ட்ரான் விண்கலங்கள் மேலே செல்ல வேண்டியிருந்தது. பின்னர், அமெரிக்க அறிஞர் டொனால்டு கர்னெட்டு 1974ஆம் ஆண்டில் இவ்வலைகளுக்கும் துருவ ஒளிக்கும் உள்ள தொடர்பை விளக்கினார்.

எலெக்ட்ரான் சுழலும் விரைவு அவ்விடத்துக் காந்தப்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. புவிக்கு அருகில் புலம் வலியது. உயரச் செல்லச் செல்ல மெலியும். எனவே அதிர்வெண் குறைந்த அலை மிக்க உயரத்தில் பிறந்தது என்று கணிக்கலாம். குலைவு தொடங்கும்போது அலைகள் சில நிமிடங்களில் பன்மடங்கு வலுத்து, குறைந்த அதிர்வெண் பக்கமும் பரவுகின்றன. அலை பிறக்கும் இடம் மேல்நோக்கி விரிவதை இதனால் உணரலாம்.

இம்முறைக்கும் குறையுண்டு. இவ்வலைகள் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலும் இரவுப் பக்கத்தில் பிறந்து குறிப்பிட்ட திசைகளிலேயே செல்கின்றன. பகற்பக்கத்தில் நிற்கும் விண்கலம் ஒன்றும் கேளாதிருந்தால், அங்கே அமைதி நிலவுகிறது எனக் கொள்ளலாகாது. ஆதலால் இடம் வேறுபட்ட விண்கலங்களின் பதிவுகளையும், நிலத்திலுள்ள காந்தமானிகளின் அளவுகளையும் ஒப்பிட்டே முடிவு காண்கின்றனர்.