பரம்பரைச் சொத்து

பனூ இஸ்ராயீல் சமூகத்தில் மூவர் வாழ்ந்தனர். ஒருவர் வெண்குட்டம் பிடித்தவர், மற்றொருவர் வழுக்கைத் தலையர், மூன்றாமவர் பார்வையற்றவர். அம்மூவரையும் சோதிக்க நாடிய அல்லாஹுத் தஆலா, ஒரு மலக்கை அவர்களிடம் அனுப்பினான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைக்க, அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ள இவ்வரலாற்றை ஜும்ஆ மேடைகளில் பலமுறை செவியுற்றிருப்பீர்கள். தெரிந்த கதைதானே என்று தள்ளிவிடாமல், இன்று சற்று நின்று கவனியுங்கள்.

மலக்கு தடவிக் கொடுத்ததும் முதலாமவரின் நோய் நீங்கி அழகிய மேனி வாய்த்தது. இரண்டாமவருக்கு முடி வளர்ந்தது. மூன்றாமவருக்குப் பார்வை திரும்பியது. அத்துடன் ஒருவருக்குச் சினை ஒட்டகம், ஒருவருக்குச் சினைப் பசு, ஒருவருக்குச் சினை ஆடு கிடைத்தன. பரக்கத் இறங்கிற்று. அவை பல்கிப் பெருகி, ஒருவருக்கு ஓர் ஓடை நிறைய ஒட்டகம், ஒருவருக்கு ஓர் ஓடை நிறைய மாடு, ஒருவருக்கு ஓர் ஓடை நிறைய ஆடு என்றாயின.

காலம் சென்றபின் அதே மலக்கு மீண்டும் வந்தார். முதலாமவரிடம் எந்த உருவத்தில் வந்தார் தெரியுமா? வெண்குட்டம் பிடித்த ஏழை வழிப்போக்கனாக! தமது பழைய உருவத்தையே அச்செல்வந்தர் எதிரே கண்டார். வழிச்செலவு தீர்ந்துவிட்டது, ஊர் போய்ச் சேர ஓர் ஒட்டகம் வேண்டும் என்று இரந்தபோது, தமக்குக் கடமைகள் ஏராளம் இருப்பதாகச் சொல்லிக் கையை விரித்தார். மக்கள் அருவருத்து ஒதுக்கிய ஏழையல்லவா நீர், அல்லாஹ்வல்லவா உமக்கு வழங்கினான் என்று மலக்கு நினைவூட்டியதும், இது பாட்டன் முப்பாட்டன் வழியாக வந்த சொத்து என்று சாதித்துவிட்டார். வழுக்கையரும் அவ்வாறே சொன்னார். பார்வையற்றிருந்தவரோ, நான் குருடனாக இருந்தேன், ஏழையாக இருந்தேன் என்று தாமே தொடங்கி, வேண்டியதை எடுத்துக்கொள்ளும், வேண்டியதை விட்டுச்செல்லும் என்று மந்தையையே திறந்துவிட்டார். அவருடைய செல்வம் அவருக்கே நிலைத்தது. அல்லாஹ்வின் பொருத்தத்தையும் அவர் பெற்றார். மற்ற இருவரும் அவனது கோபத்திற்கு ஆளாயினர்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! அவ்விருவரின் கஞ்சத்தனத்தைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். கஞ்சத்தனத்திற்கு முன்பு அவர்களிடம் மறதி வந்தது. தாம் யாராக இருந்தோம் என்பதை மறந்தவர்களுக்கு, எதிரே நிற்பவன் அந்நியனாகவே தோன்றுவான்.

நாம் அப்படிப் பொய் சொல்வதில்லை என்பீர்கள். என் உழைப்பால் வந்தது என்கிறோமே, அதைச் சற்று அவிழ்த்துப் பார்ப்போம். அதிகாலையில் எழுந்து கடை திறந்தது நீங்கள்தாம், மறுக்கவில்லை. ஆயினும், நீங்கள் பிறந்த வீட்டில் அரிசி இருந்ததே, அது யார் உழைப்பு? பத்து வயதில் உங்களைப் பீடி சுற்ற அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பிய தகப்பனாரை நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள்? அதே தெருவில், உங்களினும் கூர்மையான புத்தியுடைய ஒருவன் தந்தையை இழந்ததால் மூட்டை தூக்கப் போயிருப்பான். அவனுக்கும் உங்களுக்கும் இடையே இருந்தது புத்தியின் வேற்றுமையன்று. காரூனும் தன் கருவூலங்களைப் பார்த்து, தன்னிடமுள்ள அறிவினாலேயே அவை தனக்குக் கிடைத்தன என்றுதான் சொன்னான். கஸஸ் அத்தியாயம் அதை எடுத்துக்காட்டி, அவனையும் அவன் வீட்டையும் பூமி விழுங்கியதைக் கூறுகிறது.

ஃபஜ்ர் அத்தியாயம் இன்னும் ஆழமாகத் தொடுகிறது. வாழ்வு விரிந்தால் இறைவன் தன்னைக் கண்ணியப்படுத்தினான் என்றும், சுருங்கினால் இழிவுபடுத்தினான் என்றும் மனிதன் கணக்கிடுகிறான். இவ்விரண்டு கணக்கையும் திருமறை ஒரே சொல்லில் மறுத்துவிட்டு, அடுத்த மூச்சிலேயே அநாதையையும், ஏழையின் உணவையும் பற்றிக் கேட்கிறது. செல்வம் வந்ததும் ஒரு சோதனை. வறுமை வந்ததும் ஒரு சோதனை. ஆகவே, ஏழையைப் பார்த்து, அவன் செய்த வினை என்று ஒருவர் மனத்துக்குள் நினைத்தாலும் அவர் திருமறைக்கு எதிராகவே நினைக்கிறார்.

ஜக்காத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 40-இல் ஒரு பங்கைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ரமலானில் சில வாசல்களில் முதிய பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்பதையும், உள்ளிருந்து ஒருவர் அதட்டுவதையும் காண்கிறோம். செல்வத்தில் கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் ‘ஹக்கு’ உண்டு என்கிறது திருக்குர்ஆன். ஹக்கு என்றால் உரிமை. கடன் கொடுத்தவர் தம் பணத்தை வாங்க வந்தால் அவரை வெயிலில் நிறுத்துவீர்களா? வாய் திறந்து கேட்காத ஏழையே உண்மையான மிஸ்கீன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். அவர் உங்கள் வரிசைக்கு வரவே மாட்டார். நீங்கள்தாம் மஃரிபுக்குப் பின் அவர் கதவைத் தட்ட வேண்டும்.

அவ்வளவு தூரம் போவதற்குமுன் நம் அடுப்படியைப் பாருங்கள். உணவு சமைத்துக் கொண்டுவரும் பணியாளர் அதன் சூட்டையும் புகையையும் தாங்கியவர். அவரை உங்களுடன் அமர்த்துங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமாவது அவருக்கு அளியுங்கள் என்பது நபிகளாரின் கட்டளை. நம் இல்லங்களில் வேலை செய்யும் அம்மாளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை! அதுவும் நேற்றைய மிச்சம்! ஹதீஸ் பாடம் நடத்துகிற நம்மவர் வீடுகளிலும் இதைக் கண்டு நான் வாய்மூடி வந்திருக்கிறேன். அதற்கும் நாளை பதில் சொல்ல வேண்டியவன்தான்.

அபூதர் (ரலி) அவர்களை ரபதா என்னும் ஊரில் சந்தித்த ஒருவர் வியந்து நின்றார். அவர்கள் மீதும் அவர்களுடைய பணியாளர் மீதும் ஒரே தரத்திலான போர்வை. இரண்டையும் நீங்களே எடுத்துக்கொண்டால் முழு உடையாகுமே, அவருக்கு வேறொன்று கொடுக்கலாமே என்றனர் உடனிருந்தோர். அதற்கு அபூதர் (ரலி) அவர்கள் தம் பழைய பிழையொன்றைச் சொன்னார்கள். ஒரு மனிதரை, அவருடைய தாய் அரபியல்லாதவர் என்று குத்திக்காட்டி ஏசிவிட்டதையும், அது நபிகளாரின் செவிக்கு எட்டியதையும், உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்தின் குணம் இருக்கிறதே என்று நபிகளார் கடிந்ததையும் சொன்னார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், உண்பதையே ஊட்டுங்கள், உடுப்பதையே உடுத்துங்கள், தாங்க முடியாத வேலையை ஏவாதீர்கள், ஏவினால் நீங்களும் கைகொடுங்கள் என்று அன்று கேட்டதை, ரபதாவில் நின்ற அந்நாளிலும் அவர்கள் தோளில் சுமந்துகொண்டிருந்தார்கள்; மறுபாதி பணியாளரின் தோளில் இருந்தது.