டென்ஸ் கருவி: வலியைக் குணமாக்குமா, மறைக்குமா?

முட்டியை டேபிள்ல இடிச்சுக்கிட்டா உடனே என்ன செய்வோம்? பரபரன்னு தேய்ச்சு விடுவோம். யாரும் சொல்லிக் கொடுக்கல, ஆனா வலி குறையும். இந்தத் தேய்க்கிற வேலையை மின்சாரத்தால் செய்யும் சின்னக் கருவிதான் டென்ஸ். இடுப்புப் பட்டை, முழங்கால் பட்டை என்று உடம்பில் கட்டிக்கொள்ளும் வடிவத்திலேயே இப்போ ஆன்லைனில் கிடைக்குது.

ஐடியா ரொம்பப் பழசு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொன்னார்! 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட 'கேட் கன்ட்ரோல்' கோட்பாடுதான் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தது.

விஷயம் இதுதான். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் ஏ-பீட்டா நரம்பிழைகள் தடிமனானவை. சிக்னல் நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வரை பாயும். மந்தமான வலியைச் சுமக்கும் சி இழைகள் மெல்லியவை. அதில் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர்தான். இரண்டும் தண்டுவடத்துக்கு வந்து சேரும். தொடு சிக்னல் அதிகமா வந்தா, அங்கே உள்ள தடுப்பு நரம்பணுக்கள் வேலை செய்து, வலி சிக்னல் மூளைக்குப் போவதைக் குறைக்கும். கேட்டைப் பாதி சாத்தின மாதிரி.

இனி நம்ம ஏரியா. தடிமனான இழைகளைத் தூண்டக் குறைந்த மின்னோட்டமே போதும். அதனால் வலி இழைகளை எழுப்பாமல் ஏ-பீட்டாவை மட்டும் தட்ட முடியும். பொதுவாக 50 முதல் 100 ஹெர்ட்ஸ், ஒவ்வொரு பல்ஸும் 50 முதல் 250 மைக்ரோ செகண்ட். பல்ஸ் ஏன் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பக்கமும் போகணும்? ஒரே திசையில் சார்ஜ் சேர்ந்தா, எலக்ட்ரோடுக்கு அடியில் மின்னாற்பகுப்பு நடந்து தோல் புண்ணாகும். பேட் பாதி உரிந்திருந்தாலும் ஆபத்துதான்: அதே மின்னோட்டம் சின்ன இடத்தில் குவிந்து சுரீர்னு குத்தும்.

சரி, பலன் உண்டா? போட்டிருக்கும் நேரத்தில் சிலருக்கு நல்ல நிவாரணம் கிடைக்குது. ஆனா நாள்பட்ட வலி பற்றிய ஆய்வுத் தொகுப்புகளை 2019-இல் காக்ரேன் அமைப்பு ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஆய்வுகளின் தரம் போதாததால் உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. 'மூட்டு வலியை வேரோடு போக்கும்' என்கிற விளம்பரத்தை அதனால் நம்ப வேண்டாம். டென்ஸ் தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது, சிக்னலைத்தான் அமுக்கும். வலி ஒரு அலாரம். ஏன் அடிக்குதுன்னு டாக்டர்கிட்ட பார்க்காம அலாரத்தை மட்டும் அணைக்கக் கூடாது.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருமே ஒட்டக் கூடாது. வீட்டில் தாத்தா பாட்டிக்கு வாங்கித் தருமுன் இதைக் கேட்டுக்கோங்க.

மினி ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுக்க நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அவுட்புட்டை ரெசிஸ்டர் லோடில், ஆஸிலாஸ்கோப்பில் பாருங்க. நண்பனோட கையில் ஒட்டிப் பார்க்காதீங்க.