பெயரில் மானம், நீரில் நஞ்சு

2008-ம் வருஷத்தில், இந்தியாவில் சிகிச்சை பெற்றுச் சுவீடன் தேசத்திற்குத் திரும்பிய நோயாளி ஒருவரிடம் ஒரு விபரீதக் கிருமி காணப்பட்டது. ஆன்டிபயாடிக் மருந்துகளில் கடைசிப் புகலென வைத்தியர்கள் நம்பியிருக்கும் கார்பபெனம் வகையையும் சிதைத்துவிடும் சக்தி அதற்கு இருந்தது. அச்சக்திக்கு நிபுணர்கள் நம் தலைநகரின் பெயரையே சூட்டினர். ‘நியூடில்லி’ என்பதைத் தாங்கிய ‘என்.டி.எம்.-1’ என்னும் அப்பெயர் 2010-ல் உலகெங்கும் பரவியபோது, சர்க்காரும் ஜனப்பிரதிநிதிகளும் கொதித்தெழுந்தனர். அக்கோபம் நியாயமற்றதென்று நாம் கூறோம். நோயுடன் ஒரு நகரத்தின் பெயரைப் பிணைப்பது தகாத செயலே.

ஆனால், பெயரைக் குறித்துக் கொண்ட கோபத்தில் நூற்றிலொரு பங்கேனும் நீரைக் குறித்துக் கொண்டோமா?

அவ்வருஷம் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் டில்லியில் 50 குழாய்நீர் மாதிரிகளும், தெருக்களில் தேங்கியும் கசிந்தும் கிடந்த நீரில் 171 மாதிரிகளும் எடுக்கப்பட்டன. 2011-ல் முடிவு வெளியாயிற்று. தெருநீரில் 51 மாதிரிகளிலும், குடிநீரில் 2 மாதிரிகளிலும் அந்த ஜீன் இருந்தது. காலராக் கிருமியிலும் சீதபேதிக் கிருமியிலுங்கூட அது குடிபுகுந்திருந்தது.

ஐம்பதில் இரண்டுதானே என்று அலட்சியம் செய்வது பேதைமை. இச்சக்தி ஒரு கிருமியிலிருந்து வேறினக் கிருமிக்கும் தாவ வல்லது. 30 டிகிரி வெப்பத்தில் அத்தாவல் மிகுதியாக நிகழ்ந்ததென ஆராய்ச்சியாளர் கண்டனர். நம் நாட்டில் அது சாதாரண நாளின் வெப்பமேயாகும். நாளில் சில மணி நேரமே நீர் வரும் குழாய், மற்ற வேளைகளில் வெறுமையாய்க் கிடந்து, விரிசல் வழியே அண்டையிலுள்ள சாக்கடையை உள்ளிழுத்துக் கொள்ளுகின்றது.

ஹைதராபாத்தை அடுத்த பதான்செருவின் கதை இதனினும் கொடிது. சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோபிளாக்சசின் இருந்ததாக 2007-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அம்மருந்தை உண்ணும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது! மருந்தைத் தாங்கப் பழகிய கிருமிகளுக்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் வேறுண்டோ?

இத்தகைய கழிவிற்கு வரம்பு விதிக்க மத்திய சர்க்கார் 2020 ஜனவரியில் நகல் விதிகளை வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி விதிகளில் அவ்வரம்புகள் இடம்பெறவில்லை. அவற்றை மீண்டும் சேர்க்கவேண்டுமென ஒவ்வோர் ஊரிலும் குரல் எழவேண்டும். சாக்கடைக் குழாயினின்று குடிநீர்க் குழாயை விலக்கி வைக்கும்படி நகரசபைகளை நிர்ப்பந்திக்க வேண்டும். வைத்தியர் சீட்டின்றிக் கடையில் மாத்திரை வாங்கி, இரண்டு நாள் தின்று நிறுத்தும் வழக்கத்தை நாமும் கைவிட வேண்டும். கிருமி மருந்திற்கு அஞ்சாவிடினும் கொதிநீருக்கு அஞ்சும். ஆயினும் கொதிக்கவைக்க விறகும் வாயுவும் அற்ற ஏழைக்குச் சுத்தமான நீர் தருவது சர்க்காரின் கடமையன்றோ?

தலைநகரின் பெயரைக் காக்க எழுந்த தேசாபிமானம், தலைநகரின் குழாயடியில் குடத்துடன் நிற்கும் தாயையும் காக்க எழட்டும். நீர் தூய்மையுறும் நாளில் பெயர் தானே மாசு நீங்கும்.