ஒரே சுங்குடி, நான்கு இடங்கள்

கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில்தான் கல்யாணப் பத்திரிகைகளும் வரிசையாக வந்து சேர்கின்றன. அதே வாரத்தில் அலுவலகமும் உண்டு, கோவிலும் உண்டு, பிள்ளைகளின் விடுமுறைக்காக ஒரு வெளியூர்ப் பயணமும் உண்டு. பட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு நனைந்துவிடும். பாலியெஸ்டர் கலந்த சேலையில் இன்னும் மோசம். கடைசியில் கை போவது பருத்தியிடம்தான். ஆனால் கல்யாணம் என்றதும் ஒரு தயக்கம் வருகிறது: வெறும் காட்டன் சேலை போதுமா?

போதும். ஒரு பருத்திச் சேலை எந்த இடத்துக்கு உரியது என்பதைச் சேலை மட்டும் தீர்மானிப்பதில்லை. ரவிக்கை, காது, தலையில் வைக்கும் பூ, காலில் போடும் செருப்பு, கையில் எடுக்கும் பை எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பொதுவாகச் சொன்னால் இது மனதில் நிற்காது என்பதால் ஒரே ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் ஒல்லியான ஜரிகைக் கரை போட்ட மதுரைச் சுங்குடி.

மதுரையின் சௌராஷ்டிரச் சமூகத்தார் தலைமுறைகளாகச் செய்துவரும் துணி இது. துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். 2005-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் கட்டிய புள்ளி முழு வட்டமாக இருக்காது. விளிம்பு லேசாகக் கசிந்திருக்கும், புது மடிப்பில் துணி சற்றே சுருங்கி நிற்கும். எல்லாப் புள்ளியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் அது அச்சடித்த சுங்குடி. அதுவும் கட்ட நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கட்டுச் சுங்குடியின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

வெயிலுக்குப் பருத்தியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அது ஈரத்தை வாங்கிக்கொள்ளும் இழை. சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டருக்கு அது அரை விழுக்காடுகூட இல்லை. வியர்வையைத் துணி உறிஞ்சிப் பரப்பி ஆவியாக விட்டால்தான் உடம்பு குளிரும். காட்டன் என்று சொல்லி விற்கும் சேலையில் சந்தேகம் இருந்தால் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். கலப்பு இழை உருகி, கெட்டியான மணியாக நுனியில் நிற்கும். கடைக்காரர் 80, 100, 120 என்று சொல்வது நூலின் எண். எண் கூடக்கூட நூல் மெல்லியது. கோடைக்கு 80-க்கு மேல் இருந்தால் உடம்பில் பாரமே தெரியாது.

இனி ரவிக்கை. சேலையின் தோற்றத்தை மாற்றுவதில் நகையைவிட ரவிக்கைக்குத்தான் பங்கு அதிகம். புது நெக்லஸுக்கு யோசிக்கிற காசில் பாதியை ரவிக்கைக்குச் செலவிட்டால் பலன் கூடுதலாகக் கிடைக்கும். சேலையோடு சேர்ந்து வரும் 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியை உடனே தைக்கக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அதே அரக்கு, அதே புள்ளி, அதே கரை. அப்படித் தைத்தால் அந்தச் சேலைக்கு ஒரே ஒரு முகம்தான். அந்தத் துணியை எடுத்து வைத்துவிட்டு, வேறு மூன்று ரவிக்கைகளை யோசித்துப் பாருங்கள். சந்தன நிறத்தில் முழங்கை வரை கை வைத்த கைத்தறி ரவிக்கை ஒன்று. கடுகு மஞ்சளில் ஜரிகை ஓடும் சில்க் காட்டன் ரவிக்கை ஒன்று. கறுப்பு அல்லது கரும்பச்சையில் கட்டம் போட்டது ஒன்று. சுங்குடியில் புள்ளி ஏற்கெனவே நிறைய இருப்பதால் பூப்போட்ட ரவிக்கை அதனோடு மோதும். கட்டமும் கோடும் மோதாது, ஆனால் கட்டம் புள்ளியைவிடப் பெரிதாக, தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: லைனிங் பருத்தியாக இருக்கட்டும். மேலே கைத்தறியும் உள்ளே வழுவழுப்பான செயற்கை லைனிங்குமாகத் தைத்தால் பருத்தி கட்டியதன் பயனே போய்விடும். டூ பை டூ துணியிலும் கலப்பு வருகிறது, கேட்டு வாங்குங்கள். கக்கத்தில் அரை அங்குலம் தளர்வு கொடுக்கச் சொல்லுங்கள். வியர்வை நனைந்த இடம் வெளிர் நீலத்திலும் சாம்பல் நிறத்திலும்தான் பளிச்சென்று தெரியும். வெள்ளையிலும் அடர்ந்த நிறங்களிலும் அவ்வளவாகத் தெரியாது. ரவிக்கை நிறம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைவில் வைத்தால் நாள் முழுக்கக் கையை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்காது.

அலுவலக நாளுக்கு அந்தச் சந்தன ரவிக்கையோடு சுங்குடியைக் கட்டுங்கள். மெல்லிய சோற்றுக்கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தால் கொசுவம் மாலைவரை நிற்கும். கஞ்சி கெட்டியாக இருந்தால் துணியின் இடைவெளிகள் அடைபட்டுக் காற்று ஏறாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் கஞ்சி இளகி உடம்போடு ஒட்டும். அங்கே நீர்த்த கஞ்சியே போதும். முந்தானையை மடித்துப் பின் குத்திவிடுங்கள். காதுக்குச் சின்ன வெள்ளித் தோடு அல்லது சுடுமண் கம்மல், கையில் கடிகாரம். கழுத்து காலியாக இருக்கட்டும். வெயிலில் முதலில் வியர்ப்பதும் உறுத்துவதும் கழுத்துதான். ஆகவே கோடையில் நகையின் கவனத்தைக் கழுத்திலிருந்து காதுக்கும் கைக்கும் மாற்றிவிடுவது என் கட்சி. தோளில் மாட்டும் தோல் பையின் பட்டை புதிதாக இருந்தால் கவனம். வியர்வையில் நனைந்த தோளில் அதன் சாயம் இறங்கி வெளிர் ரவிக்கையில் கறையாக நின்றுவிடும். அலுவலகத்தில் ஏசி அதிகம் என்றால் ஸ்வெட்டர் வேண்டாம், ஒரு பருத்தித் துப்பட்டா மேசையில் கிடக்கட்டும்.

கல்யாணத்துக்கு அதே சேலையில் இரண்டு இடங்களை மட்டும் உயர்த்துங்கள். ஜரிகை ஓடும் கடுகு மஞ்சள் ரவிக்கை ஒன்று, காதில் மாட்டலோடு கூடிய ஜிமிக்கி இன்னொன்று. ஒல்லியான ஜரிகைக் கரை இருக்கிறதே, மஞ்சள் ரவிக்கை அருகில் வந்ததும் அது எடுப்பாகத் தெரியும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கெம்புக்கல் பதித்த கோவில் நகையில் ஒரு ஜிமிக்கி இருந்தால் அரக்குச் சிவப்போடு அப்படிப் பொருந்தும். சிவப்புக் கல், பொன் நிறம், அரக்குத் துணி மூன்றும் ஒரே குடும்பம். கழுத்துக்கு மெல்லிய சங்கிலி போதும். ஜிமிக்கியும் ஆரமும் ஒட்டியாணமும் ஒன்றாகப் போட்டால் பருத்தியின் லட்சணம் அடியில் போய் மறைந்துவிடும்.

பிறகு பூ. வெயில் காலத்துக்கென்றே இயற்கை கொடுத்த அணிகலன் இது. மார்ச்சிலிருந்து ஜூன் வரைதான் மல்லிகை அதிகம் பூக்கும், மார்கழி தையில் எட்டாத விலைக்குப் போகும் பூ இப்போது கைக்கு எட்டும். மதுரைச் சுங்குடியோடு மதுரை மல்லி சேரும்போது வெள்ளைப் புள்ளிக்கும் வெள்ளை மொட்டுக்கும் தானாகவே ஒரு பேச்சு உண்டாகிவிடுகிறது. எந்த உலோக நகையாலும் அதைத் தர முடியாது. பூ சுடாது, உறுத்தாது, எடை கிடையாது. அலுவலகத்துக்கு ஒரு சின்னத் துண்டு, கல்யாணத்துக்குக் கொண்டையைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய சரம். பூவின் அளவே போகும் இடம் எது என்று சொல்லிவிடும். காலை முகூர்த்தம் என்றால் முந்தின மாலை மொட்டாக வாங்கி, ஈரத் துணியில் சுற்றி வைத்தால் மண்டபத்தில் நுழையும் நேரத்தில் மலர்ந்திருக்கும்.

கவரிங் நகையும் வெள்ளியும் கோடையில் படும் பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு இங்கேதான் தொல்லை. சிதம்பரம் கவரிங் நகையில் வெளியே மெல்லிய தங்கப் பூச்சும் உள்ளே வேறு உலோகமும் இருக்கும். வியர்வையில் உப்பு உண்டு. அது பூச்சை மெல்ல மெல்லத் தேய்க்கிறது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி, மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, காற்றில் ஆறவிட்டுப் பெட்டியில் வைத்தால் நகையின் ஆயுள் கூடும். வாசனைத் திரவியம் முதலில், நகை கடைசியில் என்ற வரிசையும் இதற்காகத்தான். விலை மலிந்த ஃபேன்சி நகைகள் சிலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். வியர்வை அதைக் கரைத்துத் தோலில் இறக்குவதால், மழைக் காலத்தில் ஒன்றும் செய்யாத கம்மல் மே மாதத்தில் காதை அரித்துப் புண்ணாக்கும். அரித்தால் அந்தக் கம்மலை ஒதுக்கிவிடுங்கள், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். நிக்கல் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். வெள்ளி கறுப்பது வேறு காரணத்தால். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே கறுப்புப் படலமாகின்றன. காற்றுப் புகாத உறையில் வைத்தால் அது வெகுவாகக் குறையும். சுடுமண் நகை வெயிலில் உலோகம்போலச் சூடேறாது, அரிக்காது. நனையாமலும் கீழே விழாமலும் பார்த்துக்கொண்டால் கோடைக்கு அதைவிட இதமானது இல்லை என்பேன்.

செருப்பைப் பற்றி ஒன்று. மண்டப மேடையிலோ வீட்டு வாசலிலோ எப்படியும் கழற்றத்தான் போகிறோம், ஆகவே வார் மாட்டிக் குனிந்து அவிழ்க்கும் வகை வேண்டாம். காலை நுழைத்தால் போதும் என்றிருக்கும் கோலாப்பூரி போன்றது நல்லது. சேலை கட்டும்போதே அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். அரை அங்குல உயர வித்தியாசத்தில் கொசுவம் தரையில் இழுபடும், அல்லது கணுக்காலுக்கு மேலே நிற்கும். கல்யாணத்துக்குப் பை சின்னதாக இருக்கட்டும், பட்டுத் துண்டில் தைத்த சுருக்குப் பை அழகு. திரும்பும்போது கையில் தாம்பூலப் பையும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

கோவிலுக்குக் கட்டும்போது நான் நகையைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. சேலையோடு வந்த அந்த ரவிக்கைத் துணியைப் பிறகு தைத்திருந்தால் அதுதான் இங்கே சரியான இடம், ஏனென்றால் எல்லாம் ஒரே நிறமாக இருப்பதில் ஓர் அடக்கம் உண்டு. கண்ணாடி வளையல், பொட்டு, பூ. தோல் பைக்குப் பதில் துணிப் பை. பிராகாரத்தின் கல் சுடும், ஆகவே காலையிலோ மாலையிலோ போவது எந்த அலங்காரத்தையும்விட முக்கியம்.

பயணத்துக்குக் கஞ்சி போடாத சேலை, கட்டம் போட்ட அடர்நிற ரவிக்கை, ஜிமிக்கிக்குப் பதில் காதோடு ஒட்டிய தோடு. பேருந்தில் தலையைச் சாய்த்தால் குத்தாது. ரவிக்கைக்குப் பதில் கழுத்து மூடிய பருத்திச் சட்டையைச் சேலையோடு போடும் இளம்பெண்களைப் பார்க்கிறேன். தோளையும் கையையும் வெயிலிலிருந்து காக்கும் நல்ல ஏற்பாடு அது. தாராளமாகச் செய்யலாம்.

சேலை கட்டாதவர்களுக்கும் இதே கணக்குத்தான். வெள்ளைப் பருத்திக் குர்த்தி ஒன்றும் கறுப்பு ஃபிராக் ஒன்றும் இருந்தால், சேலைக்கு ரவிக்கை செய்யும் வேலையை அவற்றுக்குத் துப்பட்டா செய்யும். சுங்குடித் துப்பட்டாவும் வெள்ளிக் கம்மலும் சேர்ந்தால் வெள்ளைக் குர்த்தி நிச்சயதார்த்தத்துக்குப் போகும். துப்பட்டாவைக் கழற்றிவிட்டால் கல்லூரிக்குப் போகும்.

சுங்குடியை முதல் சில அலசல்களில் தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சாயம் விடும், சந்தன ரவிக்கையை அதோடு சேர்த்து ஊறவைக்கக் கூடாது. நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போட்டால் அரக்கு வெளுக்காது. கோடை முடிந்து சேலையை அலமாரிக்குள் வைக்கும் முன் கஞ்சியை முழுதாக அலசி எடுத்துவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சிதான் தீனி. ஜரிகை உள்பக்கம் வரும்படி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும்.